அறிக்கையில் வயது 58, தரையிலிருந்து எழ முடியவில்லை: அல்சூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

போன வருஷம் ஆடி மாதக் கடைசியில் 71 வயதுப் பெரியவர் ஒருவர் எங்களிடம் வந்தார். பெங்களூர் அல்சூரில், ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் இருக்கும் சின்ன பிசியோதெரபி கிளினிக். பதினாறு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறேன். யார் எப்படிப் படியேறி வருகிறார்கள் என்பதை வாசலில் நின்றே கவனிப்பது என் வழக்கம், பாதிப் பரிசோதனை அங்கேயே முடிந்துவிடும். இவர் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறினார்.

"சோமேஸ்வரர் கோயில்ல கீழ உக்காந்தா எழுந்திரிக்க முடியலைம்மா, தூணைப் பிடிச்சுதான் எழறேன். மத்தபடி நான் ரொம்ப நல்லா இருக்கேன், இதைப் பாருங்க" என்று ஒரு அறிக்கையை மேசைமேல் வைத்தார். ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துச் சோதித்து ஒரு நிறுவனம் கொடுத்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: உயிரியல் வயது 58.

இதை எழுத அவரும் அவர் மனைவியும் சம்மதித்தார்கள். பெயர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அவர் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் 34 வருஷம் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். லேத்தில் நின்றவர்களுக்கே உரிய அளவுப் பித்து உண்டு, கட்டம் போட்ட நோட்டில் தினமும் எடை, இடுப்புச் சுற்றளவு, தூங்கிய நேரம், சாப்பிட்ட நேரம் எல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். முதுமை ஆராய்ச்சியில் அவருக்கு ஆர்வம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நாலு வருஷம் அதே வீட்டில் படுக்கையில் கிடந்து போயிருக்கிறார், புண்ணுக்கு மருந்து வைத்ததெல்லாம் இவர்தான். "அந்த நாலு வருஷம் எனக்கு வரக் கூடாதும்மா, அவ்வளவுதான்" என்றார். இந்த ஆராய்ச்சியைத் தேடிப் படிக்கிற முதியவர்களில் நான் பார்த்த பலரும் இப்படித்தான், நூற்றிருபது வயது வாழும் ஆசை அவர்களுக்கு இல்லை.

அவர் படித்ததும் அரைகுறையாக இல்லை. மனித செல்கள் கண்ணாடித் தட்டில் சுமார் 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று 1961ல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டியதிலிருந்து தொடங்கி, குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் தேய்வது வரை எனக்கே பாடம் எடுத்தார். டெலோமியருக்கு மருத்துவ நோபல் கிடைத்த அதே 2009ல்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார். சுண்டெலிகளின் ஆயுளைக் கூட்டிய ராபமைசின் என்ற மருந்தின் கதை அவருக்கு மிகவும் பிடித்தது. 1964ல் ஈஸ்டர் தீவிலிருந்து கொண்டுவந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர் சுரேந்திரநாத் சேகல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்து காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கனடாவில் அவருடைய ஆய்வகத்தை மூடியபோது அந்த நுண்ணுயிரியைத் தூக்கிப் போட மனமில்லாமல் வீட்டு ஃப்ரீஸரில் பத்திரப்படுத்தினார். அது 1999ல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தானது. "ஒரு மனுஷன் ஃப்ரீஸர்ல வெச்சாரு, அதனால எத்தனை பேருக்குக் கிட்னி நிக்குது பாருங்க" என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன்.

சரி, அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு வருகிறேன். பதினாலு மாதமாக, சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் காலையும் இரவும். சர்க்கரை நோய் கிடையாது, தெரிந்த மருந்துக் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறார். அமெரிக்காவிலிருக்கும் மகன் அனுப்பிய, முதுமையைத் தள்ளிப்போடும் என்று விற்கப்படும் என்.எம்.என். மாத்திரை தினம் ஒன்று. காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்துக்குள் மட்டும் சாப்பாடு. நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் பல வருஷமாகவே உண்டு. இதற்கெல்லாம் மேலே, பருப்பையும் தயிரையும் பாலையும் நிறுத்திவிட்டார். ராபமைசின் செல்லுக்குள் எம்டார் என்ற புரதத்தை அடக்குகிறது, உணவில் புரதம் கூடினால் எம்டார் வேலை கூடும், ஆகவே புரதத்தைக் குறைத்தால் மாத்திரை இல்லாமலே ராபமைசின் பலன் கிடைக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. அவர் சைவம். பருப்பும் தயிரும் போனால் தட்டில் சோறு, ரசம், ஒரு காய்தான் மிச்சம். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "ஒருத்திக்காகத் தனியா பருப்பு வேக வைக்கணுமான்னு நானும் விட்டுட்டேன்" என்றார். அன்றைக்கு அதைக் கேட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அடுத்த கட்டமாக ராபமைசின் மாத்திரையையே எடுக்க வேண்டும், சீட்டு எழுதித் தரும் டாக்டர் யாராவது தெரியுமா என்று கேட்கத்தான் பாதி காரணமாக வந்திருந்தார்.

பரிசோதனைக்கு வருவோம். உயரம் 168 சென்டிமீட்டர். எடை 57 கிலோ, பதினாலு மாதத்துக்கு முன்னால் நோட்டில் 66 என்று இருக்கிறது. கைப்பிடி வலுவைப் பார்க்கும் டைனமோமீட்டரைக் கையில் கொடுத்ததும் திருப்பிப் பார்த்து, "ஜீரோ பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டார், பதினாறு வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள். ஜீரோ சரியாக இருந்தது. முழு பலத்தோடு அழுத்தியும், விரல் முட்டிகள் வெளுத்து முழங்கை நடுங்கியும், முள் 21 கிலோவில் நின்றது. ஆசிய ஆண்களுக்கு 28க்குக் கீழே போனால் பலவீனம் என்பது 2019ல் சார்க்கோபீனியாவுக்கான, அதாவது முதுமையில் தசை கரைவதற்கான, ஆசியக் குழு வைத்த கோடு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 18.4 விநாடி ஆனது, 12 விநாடியை எட்டினாலே கவனிக்க வேண்டும். நடை வேகம் விநாடிக்கு 0.78 மீட்டர், இதற்குக் கோடு 1 மீட்டர். தொடையில் சதை கரைந்து முழங்காலுக்கு மேலே பள்ளம் விழுந்திருந்தது. பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னபோது அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார், தோளைப் பிடித்துக்கொண்டேன். ராத்திரியில் பாதம் எரிவதாக அப்போதுதான் சொன்னார், வயசானால் இருக்கும் என்று நினைத்து நோட்டில்கூட எழுதவில்லை.

ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது என்றால் நான் பயிற்சி கொடுத்து அனுப்பும் விஷயம் இல்லை. ஒரு பொதுநல மருத்துவரிடம் அனுப்பினேன். தைராய்டு, காசநோய், வயிற்று ஸ்கேன், புற்றுநோய்க்கான சோதனைகள் எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்தது. வைட்டமின் பி12 மட்டும் 148 பிகோகிராம், குறைந்தபட்சம் 200 இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், பான்டோபிரசோலும் குறைக்கும், சைவக்காரருக்கு அது வருகிற வழியே பால், தயிர்தான், அதையும் அடைத்துவிட்டார். மூன்று பக்கமும் சேர்ந்து நரம்பைத் தொட்டுவிட்டது. மருத்துவர் மெட்ஃபார்மினையும் என்.எம்.என்.னையும் நிறுத்தி, பி12 ஊசி தொடங்கி, நெஞ்செரிச்சல் மாத்திரை உண்மையிலேயே தேவையா என்று பார்த்துப் படிப்படியாகக் குறைத்தார். சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தவே கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை பி12 பாருங்கள், அது போதும்.

இப்போது அவர் போட்ட கணக்கு எங்கே பிசகியது என்று பார்க்கலாம், ஏனென்றால் அவர் படித்த ஒவ்வொரு ஆய்வும் உண்மையானதுதான். 2009ல் அமெரிக்காவின் மூன்று ஆய்வகங்கள் ஒரே சமயத்தில், 600 நாள் ஆன சுண்டெலிகளுக்கு, அதாவது மனிதக் கணக்கில் கிட்டத்தட்ட 60 வயதில், ராபமைசின் கொடுத்தபோது உச்ச ஆயுள் ஆணுக்கு 9, பெண்ணுக்கு 14 சதவீதம் கூடியது. வயதான பிறகு தொடங்கியும் பலன் கிடைத்தது பெரிய செய்தி, எனக்கும் அது பெரிய செய்திதான். ஆனால் அந்தச் சுண்டெலி எங்கே வாழ்கிறது? சுத்தமான கூண்டில், கிருமி அண்டாமல், அளந்து போட்ட தீனியில். படி கிடையாது, ஈரக் குளியலறை கிடையாது. ஆய்வகச் சுண்டெலிகளில் பெரும்பாலானவை கடைசியில் புற்றுநோயில்தான் சாகின்றன, ஆகவே புற்றைத் தள்ளிப்போடும் எதுவும் அவற்றின் ஆயுளைக் கூட்டும். கூண்டுச் சுண்டெலி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு நாலு வருஷம் படுக்கையில் கிடப்பதில்லை. இவர் பயந்தது அந்தப் படுக்கைக்கு. அதற்குக் காவல் தொடைச் சதை, அதைத்தான் கரைத்துக்கொண்டிருந்தார்.

உணவைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்று 1935லேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே எலிகளில் காட்டினார். அதே விஷயத்தை 960 சுண்டெலிகளில் பார்த்து 2024ல் வெளியிட்டபோது ஒரு முக்கியமான திருப்பம் தெரிந்தது. குறைவாகத் தின்ற கூட்டம் சராசரியில் அதிக நாள் வாழ்ந்தது சரிதான், ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே எடையை அதிகம் இழந்தவை சீக்கிரம் போயின, எடையைத் தக்கவைத்தவை நீடித்தன. புரதத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. 2014ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 50லிருந்து 65 வயதுக்குள் புரதம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இறப்பு கூடுதலாகவும், 65க்கு மேல் அதுவே தலைகீழாகவும் இருந்தது. இவர் முதல் பாதியை மட்டும் நோட்டில் எழுதியிருந்தார், அவருக்குப் பொருந்தும் பாதி அடுத்த பத்தியில் இருந்தது.

மெட்ஃபார்மினைப் பற்றி ஒரு பிசியோதெரபிஸ்டாக எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம். முதுமை நோய்களைத் தள்ளிப்போடுமா என்று 65லிருந்து 79 வயது வரையுள்ள 3000 பேரிடம் பார்க்க நிர் பார்சிலாய் என்ற முதுமை ஆய்வாளர் ஒரு சோதனையைத் திட்டமிட்டு வைத்திருக்கிறார். காப்புரிமை முடிந்த மலிவு மாத்திரைக்குப் பணம் போட எந்தக் கம்பெனியும் வராததால் அது வருஷக்கணக்கில் இழுக்கிறது, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆனால் முடிந்துபோன ஒரு சோதனை இருக்கிறது, 2019ல் வந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களை 14 வாரம் எடைப் பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் தசை அதிகம் வளர்ந்தது. சர்க்கரை இல்லாத முதியவர் என்னிடம் தசை வளர்க்க வந்தால், அவர் பையில் மெட்ஃபார்மின் இருக்கிறதா என்று அதனால்தான் இப்போது கேட்கிறேன்.

ராபமைசினுக்கு மருத்துவர் சீட்டு எழுதவில்லை. வாய்ப்புண், கொழுப்பு கூடுவது, காயம் ஆறத் தாமதம், கிருமித் தொற்று என்று அதற்குப் பக்கவிளைவுகள் உண்டு. அதே குடும்பத்து மருந்தை முதியவர்களுக்குக் கொடுத்தபோது தடுப்பூசிக்கு உடல் காட்டிய எதிர்வினை சுமார் 20 சதவீதம் கூடியதாக 2014ல் நல்ல முடிவு வந்தது, ஆனால் அதே வழியில் வந்த இன்னொரு மருந்து 2019ல் மூன்றாம் கட்டச் சோதனையில் தேறவில்லை. இதையெல்லாம் மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார், பெரியவரும் கேட்டுக்கொண்டார்.

அந்த 58தான் கடைசிவரை நின்றது. "எல்லாம் சரிம்மா, ஆனா உள்ள என் செல்லுக்கு 58தானே?" என்றார். ஒரு கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவுக்கு லீஸ்ட் கவுன்ட் என்று பெயர். நான் அவர் பாஷையில் கேட்டேன், "சார், இந்த மீட்டருக்கு லீஸ்ட் கவுன்ட் எவ்வளவு?" அவர் நிமிர்ந்து பார்த்தார். ஸ்டீவ் ஹார்வத் என்ற ஆய்வாளர் 2013ல் டி.என்.ஏ.வில் 353 இடங்களில் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறி ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து வயதைக் கணித்தது அபாரமான வேலை, பாதி மாதிரிகளில் பிழை 3.6 வருஷத்துக்குள் இருந்தது. மீதிப் பாதியில் அதைவிட அதிகம். 2022ல் வேறொரு குழு, ஒரே ரத்தத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தால் இப்படி வயதைக் கணிக்கும் புகழ்பெற்ற ஆறு 'கடிகாரங்களில்' 9 வருஷம் வரை வித்தியாசம் வருகிறது என்று காட்டி, அதைச் சரிசெய்ய வழியும் சொன்னது. இவருடைய அறிக்கையில் எந்தக் கடிகாரம், எவ்வளவு பிழை என்ற ஒரு வரிகூட இல்லை. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரே பீஸை ரெண்டு தடவை அளந்து ஒம்பது வித்தியாசம் வந்தா அந்த மைக்ரோமீட்டரை ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பிடுவோம்மா" என்றார்.

அவருக்குக் கோபம் வந்தது, எனக்கும்தான். ஆராய்ச்சிக்காரர்கள் ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியைப் பார்க்கச் செய்த கருவியை, ஒரு தனி மனிதருக்குத் தீர்ப்பு மாதிரி விற்கிறார்கள். அதிலும் இந்தக் கடிகாரங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க ரத்தத்தில் உருவானவை. நம் ஊர் மனிதருக்கு எது இயல்பு என்று கண்டுபிடிக்கத்தான் இதே பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் பாரத் என்ற ஆய்வைத் தொடங்கியிருக்கிறது. அங்கிருக்கும் மூளை ஆய்வு மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் 45 வயதைத் தாண்டிய 10,000 கிராமத்து மக்களை வருஷக்கணக்கில் பின்தொடரத் திட்டமிட்டு வேலை செய்கிறது. இந்த மாதிரி மெதுவான வேலையில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

சிகிச்சை 24 வாரம். வாரம் இரண்டு நாள் கிளினிக்கில், மூன்று நாள் வீட்டில். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி எழுவதில் தொடங்கி, நாலாவது வாரம் ஒன்று, ஏழாவது வாரம் ஒன்றும் இல்லை. ஐந்து கிலோ சோனா மசூரி பையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் நடப்பது, கணுக்காலில் மணல் பை கட்டிப் படி ஏறுவது. தரையிலிருந்து எழுவதைத் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன்: முதலில் மண்டியிட்டு, ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி, அந்தத் தொடையில் கை வைத்து எழ வேண்டும். முதல் மாதம் அந்த ஒற்றைக்கால் ஊன்றலிலேயே கால் வெடவெடவென்று ஆடும், அப்படியே நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப மண்டியிடுவார். சாப்பாட்டில் புரதம் நாளுக்கு 30 கிராம் சொச்சம் இருந்தது, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்து 68க்குக் கொண்டுபோனோம். இரண்டு வேளை கெட்டிப் பருப்பு, தயிர், பால், மாலையில் சுண்டல், வாரம் மூன்று நாள் மீல்மேக்கர். இரவு எட்டு மணிக்கு ஒரு டம்ளர் பால் குடிக்கச் சம்மதிக்கவைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

தை மாதம் மறுபடி அளந்தோம். எடை 60.5. கைப்பிடி 25 கிலோ, இன்னும் கோட்டுக்குக் கீழேதான். ஐந்து முறை எழுந்து உட்கார 12.6 விநாடி. நடை 1.02. பி12 இயல்புக்கு வந்தது, கண்ணை மூடினால் சாய்வதில்லை, ஆனால் கால் விரல் நுனிகளில் எரிச்சல் முழுசாகப் போகவில்லை, அது போகாமலே இருந்துவிடக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஊசி, உணவு, பயிற்சி, மாத்திரை நிறுத்தம் நாலும் ஒன்றாக நடந்ததால் எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு மனிதரின் கதை இது.

அவரே இன்னொன்றும் செய்திருந்தார். யாரிடமும் சொல்லாமல் அதே நிறுவனத்தில் அதே சோதனையை மறுபடி எடுத்திருக்கிறார். இந்த முறை 61. தூணைப் பிடிக்காமல் எழுந்து நிற்கிற மனிதருக்கு, எழ முடியாமல் இருந்தபோது வந்ததைவிட மூன்று வயது அதிகம். நோட்டில் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கீழே பென்சிலால் "வித்தியாசம் 3, கருவிப் பிழைக்குள்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே 18.4, 12.6 என்று இரண்டு எண்கள், பேனாவால்.

அன்றைக்குக் கிளம்பும்போது, கூட வந்திருந்த மனைவியை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "இவளையும் அளந்து பாருங்கம்மா, நான் சாப்பிடாத வருஷமெல்லாம் இவளும் சாப்பிடலை." அவருக்கு 66 வயது. இந்த ஆறு மாதமும் வாரம் இரண்டு முறை கணவரோடு என் படியேறி வந்து, மூலையில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். முதல் நாளே அவர் சொன்ன பருப்புக் கதை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தார், மூன்றாவது முறை எழும்போதே மூச்சு வாங்கியது. 15.8 விநாடி. கைப்பிடி 14 கிலோ, பெண்களுக்குக் கோடு 18. பி12க்கு அன்றைக்கே ரத்தம் கொடுக்க அனுப்பினேன். திங்கட்கிழமையிலிருந்து இருவரும் வருகிறார்கள்.